நான் கையெழுத்து வைக்காத கடிதம்

போன வருஷம் எங்கட பெட்ச் துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதியது. ஒரே ஒரு பக்கம். விஷயமும் ஒன்றே ஒன்றுதான்: அரசியல் விஞ்ஞானத்தைத் தமிழ் மொழிமூலம் படிக்கிற எங்களுக்கு நிரந்தரமாக ஒரு விரிவுரையாளர் வேண்டும். அந்தக் கடிதத்தில் பாதியை எழுதியது நான். எழுத்துப்பிழை பார்த்தது நான். 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்' என்ற வரியில் 'தாழ்மையுடன்' எதற்கு என்று அரை மணித்தியாலம் சண்டை பிடித்ததும் நான்தான். கடைசியில் பதினேழு பேர் கையெழுத்து வைத்தார்கள். நான் வைக்கவில்லை.

"லைப்ரரிக்குப் போய்ட்டு வந்து வைக்கிறன், தாள வெச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது கடிதம் ஒபிஸுக்குப் போய்விட்டது. அது போகும்வரை நான் லைப்ரரியில் சும்மா உட்கார்ந்திருந்தேன் என்பதுதான் உண்மை. யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்கள்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று ஒரு வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கதையைச் சொல்ல முதலில் ஊரில் இருந்து தொடங்க வேண்டும்.

என்ட ஊர் கலேவெல. குருநாகலில் இருந்து தம்புள்ளைக்குப் போகிற வழியில், தம்புள்ளைக்குக் கொஞ்சம் முன்னால் வருகிற டவுன். மாத்தளை மாவட்டம்தான், ஆனால் குளிரும் தேயிலையும் என்று கற்பனை பண்ண வேண்டாம். எங்களுக்கு வெயில், குளம், வயல், பெரிய வெங்காயம். ஊரில் பெரும்பான்மை சிங்களவர்கள். தமிழ் பேசுகிறவர்களில் கூடுதலானவர்கள் எங்கட ஆட்கள், முஸ்லிம்கள். வாப்பாவுக்கு டவுனில் ஒரு சின்ன ஹார்ட்வெயார் கடை. கடையில் சிங்களம், வீட்டில் தமிழ், ஸ்கூலில் தமிழ்.

ஏ.எல்.லில் அரசியல் விஞ்ஞானம் எடுத்தபோது அந்தப் பாடத்துக்கு ஸ்கூலில் டீச்சர் இல்லை. சனிக்கிழமைகளில் மாத்தளைக்கு டியூஷனுக்குப் போனேன். சி.அ. யோதிலிங்கத்தின் புத்தகங்களைப் போட்டோகொப்பி எடுத்துப் படித்தேன். பரீட்சைத் தாளில் 'அரசியல் விஞ்ஞானம்', யாழ்ப்பாணத்துப் புத்தகங்களில் 'அரசறிவியல்'. இரண்டும் ஒன்றுதானா என்று கேட்கவும் ஆள் இல்லை. கெம்பஸுக்குப் போனால் எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கும் என்று நம்பிக்கொண்டுதான் பஸ் ஏறினேன். எந்தக் கெம்பஸ் என்று இங்கே எழுதப்போவதில்லை. நான் சொல்லப்போகிற கதை ஒரு கெம்பஸுக்கு மட்டும் உரியது இல்லை என்பதும் ஒரு காரணம்.

முதல் வருஷம் எங்களுக்குத் தமிழில் படிப்பித்தவ ஒரு தற்காலிக விரிவுரையாளர். மிஸ் என்றே எழுதுகிறேன். எங்களைவிட நாலைந்து வயது மூத்தவ. அதே துறையில் முதல் வகுப்பு எடுத்தவ. கிளாஸுக்குள் மிஸ், வெளியில் பாதிப் பேருக்கு அக்கா.

ஹொப்ஸையும் லொக்கையும் யாரும் படிப்பிப்பார்கள். மிஸ் சமூக ஒப்பந்தத்தைப் போர்டில் எழுதிவிட்டு, 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான மலையக மக்கள் இந்த ஒப்பந்தத்தில் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று கேட்டா. ஹட்டன் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி இருந்தாள், அதுவரை வாயே திறக்காதவள். அன்றைக்கு எழும்பி, தன்னுடைய அப்பப்பா ஒரு தகரப் பெட்டிக்குள் பழைய கடதாசிகளைக் கட்டிக் கட்டி வைத்திருந்த கதையைச் சொன்னாள். யார் எப்போது வந்து கேட்டாலும் காட்டுவதற்காம். புத்தகத்தில் இருந்த அரசியலும் வீட்டில் இருந்த அரசியலும் ஒன்றுதான் என்று எனக்கு அந்த லெக்சரில்தான் விளங்கியது.

மிஸ்ஸின் ஒப்பந்தத்தை ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டும். "அடுத்த செமஸ்டர் நான் இருந்தா பார்ப்பம்" என்று அவ சொல்லிச் சொல்லியே அது எங்களுக்குப் பகிடியாகிவிட்டது. எங்கட வட்ஸ்அப் குரூப்புக்குக் கொஞ்ச நாள் பெயரே 'இருந்தா பார்ப்பம்'.

நாங்கள் இரண்டாம் வருஷத்தில் இருக்கும்போது நிரந்தரப் பதவிக்குப் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. மிஸ் விண்ணப்பித்தா. நேர்முகப் பரீட்சைக்குத் தேதி குறித்தார்கள், தள்ளிப்போட்டார்கள். மறுபடி குறித்தார்கள், மறுபடி தள்ளிப்போட்டார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை. அதற்கிடையில் ஒப்பந்தம் முடிந்தது. மிஸ் கொழும்பில் ஒரு கம்பனிக்கு வேலைக்குப் போய்விட்டா. போகிற அன்றைக்குத் தன்னுடைய கையெழுத்து நோட்ஸை ஒரு ஷொப்பிங் பேக்கில் போட்டு என்னிடம் தந்து, "எனக்குப் பிறகு வாறவங்களுக்குக் குடுங்க" என்றா. அந்த பேக் மாதக்கணக்காக என்ட ஹொஸ்டல் அலுமாரிக்குள் கிடந்தது. கொடுக்க ஆள் வரவில்லை.

பிறகு சனிக்கிழமைகளில் ஒரு வருகைநிலை விரிவுரையாளர் வந்தார். தூரத்தில் இருந்து பஸ்ஸில் வருகிற நல்ல மனிதர். ஒரு மாதத்து லெக்சரை ஒரே நாளில் முடித்துவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார். இன்னொரு பாடத்துக்கு சிங்கள மொழிமூல ஸ்லைடுகளை யாரோ மெஷினில் போட்டுத் தமிழாக்கித் தந்தார்கள். 1987இல் வந்த 13ஆம் திருத்தம் மாகாணங்களுக்கு 'மின் விநியோகம்' செய்ததாக அதில் இருந்தது. அதிகாரப் பகிர்வு மின்சாரமாகிவிட்டது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தப் பாடத்தின் பரீட்சை நெருங்கியபோது சிரிப்பு வரவில்லை. அந்தக் கிழமைதான் கடிதம் எழுதினோம்.

ஒரு லெக்சரரை எடுக்க ஏன் இவ்வளவு பாடு என்று வாப்பாவுக்கு விளங்கவே இல்லை. "கடைக்கு ஆள் தேவைண்டா போர்ட் போடுற, வாறவனோட பேசுற, ஒரு மாசம் வெச்சுப் பார்க்கிற. இதுக்கு என்னத்துக்கு இத்தின வருஷம்?"

அவருக்கு விளங்கப்படுத்தத்தான் நானே தேடிப் படித்தேன். எங்கட பல்கலைக்கழகங்கள் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நடக்கின்றன. துறைக்கு எத்தனை பேர் என்பதைத் துறை தானாகத் தீர்மானிக்க முடியாது. அந்த ஆளணிக்குக் கொழும்பில் திறைசேரிப் பக்கம் முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அதன் பிறகு விளம்பரம், தேர்வுக்குழு, கடைசியில் பல்கலைக்கழகப் பேரவை. தகுதிகாண் விரிவுரையாளராக உள்ளே வர முதல் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேல்நிலையோ வேண்டும். வந்தவர் குறித்த காலத்துக்குள் பட்ட மேற்படிப்பை முடித்தால்தான் வேலை உறுதியாகும்.

இங்கேதான் முதல் முடிச்சு. மேற்படிப்புக்கு வெளிநாடு போகிறவர் கல்வி விடுமுறையில் போகிறார். அவர் போவது நியாயம், போகத்தான் வேண்டும். ஆனால் அவர் இல்லாத அத்தனை வருஷமும் அவருடைய இடம் நிரம்பிய இடமாகவே கணக்கில் இருக்கும். பட்டியலில் நாலு பேர், கொரிடோரில் இரண்டு பேர். அந்த இடைவெளியை அடைக்கத்தான் மிஸ்ஸைப் போல வருஷ ஒப்பந்தக்காரர்கள்.

இரண்டாவது முடிச்சு காசு. 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்கச் சொல்லி மூன்று மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது நான் சின்னப் பிள்ளை. அந்த 6 வீதம் இன்றுவரை வரவில்லை. 2022 நெருக்கடியில் அரசாங்கம் புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்தியது. 2023 ஜனவரியில் வருமான வரியின் உச்ச வீதம் 36 ஆனது. விரிவுரையாளர்கள் பலர் பெட்டி கட்டினார்கள்.

மூன்றாவது முடிச்சு எங்களுக்கு மட்டும் உரியது. சிங்கள மொழிமூலத்தில் ஒருவர் போனால் மிச்சப் பேர் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். தமிழ் மொழிமூலத்தில் ஒருவர் போனால் சில நேரம் மொழிமூலமே போய்விடுகிறது. "இங்கிலிஷ்ல செய்யலாமே" என்பார்கள். செய்யலாம். மாத்தளைக்கு பஸ் பிடித்து டியூஷன் படித்து வந்த பிள்ளை ஒரு செமஸ்டருக்குள் இங்கிலிஷில் ரோல்ஸைப் படித்து எழுதிவிட முடியும் என்றால், தாராளமாகச் செய்யலாம்.

வாப்பாவுக்கு இவ்வளவையும் சொல்லி முடித்தேன். ஆனால் நான் ஏன் கையெழுத்து வைக்கவில்லை என்பதற்கு இதில் எந்த முடிச்சும் பதில் இல்லை.

பதில் இதுதான். இரண்டாம் வருஷ ரிசல்ட்ஸ் வந்தபோது நான் பெட்ச்சில் மேலே இருந்தேன். ஒரு சீனியர் அண்ணா கென்டீனில் வைத்துச் சொன்னார்: "கிளாஸ் ஒன்று எடுத்தா உங்கள டெம்பரரிக்கு எடுப்பாங்க. தமிழ் மீடியத்துக்கு ஆளே இல்ல. கொஞ்சம் பார்த்து நடந்துக்கங்க, அவ்வளவுதான்."

கொஞ்சம் பார்த்து நடந்துக்கங்க. அன்றில் இருந்து நான் பார்த்து நடந்தேன். லெக்சரில் கேள்வி கேட்பது குறைந்தது. கேட்டாலும், கேட்கப்படுகிறவருக்குப் பிடிக்கிற கேள்வியாகப் பார்த்துக் கேட்டேன். கட்டுரைகளில் 'ஒருபுறம்', 'மறுபுறம்' என்று எழுதிவிட்டு எந்தப் புறமும் நிற்காமல் முடிக்கப் பழகினேன். நல்ல மார்க்ஸ் வந்தது.

பிறகு ஆய்வுக்கட்டுரைக்குத் தலைப்பு. எனக்கு எழுத ஆசையாக இருந்தது ஒரே ஒரு விஷயம். 2012 ஏப்ரல் 20, வெள்ளிக்கிழமை, தம்புள்ளை ஹைரியா பள்ளிவாசலைப் பிக்குகள் முன்னே வந்த ஒரு கூட்டம் தாக்கியது. பள்ளி புனித பூமிக்குள் இருக்கிறது, அகற்ற வேண்டும் என்றார்கள். எங்கட ஊரில் இருந்து தம்புள்ளை அரை மணித்தியாலம். அன்றைக்கு வாப்பா கடையை நேரத்தோடு மூடிவிட்டு வந்தது, உம்மா ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துக் குறைத்துக் கேட்டது எல்லாம் எனக்கு ஞாபகம். காணி, கோயில், நகர அபிவிருத்தி, தேர்தல் எல்லாம் ஒரு டவுனில் எப்படி ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொள்கிறது என்று எழுதலாம் என்று நினைத்தேன். சிங்களம் தெரியும், ஆட்களையும் தெரியும், இதைவிட யார் எழுத? ஆனால் நான் கடைசியில் கொடுத்த தலைப்பு உள்ளூராட்சி மன்றங்களின் நிதி முகாமைத்துவம்.

யாரும் மாற்றச் சொல்லவில்லை. என்ட மேற்பார்வையாளருக்கு முதல் தலைப்பே தெரியாது. நான் அதை வாயால் சொல்லவே இல்லை.

எங்களைப் போன்ற துறைகளில் நேர்முகப் பரீட்சை என்பது டை கட்டிய பெரியவர்களின் முன்னால் ஒரு நாள் காலையில் நடக்கிற விஷயம் என்று முன்பு நினைத்திருந்தேன். அது இரண்டாம் வருஷத்திலேயே, கென்டீனிலேயே தொடங்கிவிடுகிறது. எனக்கு மார்க்ஸ் போடுகிறவர்கள், கிளாஸ் தீர்மானிக்கிறவர்கள், சிபாரிசுக் கடிதம் எழுதுகிறவர்கள், நாளைக்குத் தேர்வுக்குழுவில் இருக்கப்போகிறவர்கள், அதற்குப் பிறகு முப்பது வருஷம் பக்கத்து அறையில் இருக்கப்போகிறவர்கள் எல்லாம் அதே ஏழெட்டுப் பேர். அவர்கள் கெட்டவர்களாக இருக்கத் தேவையில்லை. அவர்கள் ஒன்றுமே சொல்லாவிட்டாலும் நான் ஊகித்து ஊகித்து என்னையே வெட்டிக்கொள்வேன். இரசாயனம் படிக்கிற என்ட ரூம்மேட்டும் ப்ரொபசருக்குப் பயம்தான், ஆனால் பயந்தாலும் அவளுடைய அமிலம் அமிலமாகவே இருக்கும். அரசியல் விஞ்ஞானத்தில் பயந்தால் பாடமே மாறிவிடுகிறது.

இந்தத் துறையின் பழைய கதைகளைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. பேராதனையில் அரசியல் விஞ்ஞானத்தின் முதல் பேராசிரியர் ஏ. ஜெயரத்தினம் வில்சன். தந்தை செல்வாவின் மருமகன். தமிழரசுக் கட்சித் தலைவரின் வீட்டு ஆள் என்று நாட்டுக்கே தெரிந்த ஒருவர் அந்தக் கதிரையில் இருந்தார். 1972இல் அவர் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். இலங்கை உடைவதைப் பற்றியும் தமிழ்த் தேசியத்தைப் பற்றியும் நாங்கள் இன்றைக்குத் தேடிப் படிக்கிற அவருடைய புத்தகங்கள் அங்கே போன பிறகு வந்தவை. இன்னொருவர் ஜயதேவ உயங்கொட. 1971 கிளர்ச்சியில் ஜேவிபி இளைஞராகச் சிறைக்குப் போனவர். பிற்காலத்தில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் அரசியல் விஞ்ஞானப் பேராசிரியர். இருவரும் 'பார்த்து நடந்துக்கங்க' என்ற புத்திமதியைக் கேட்டு வளர்ந்தவர்களாகத் தெரியவில்லை.

அதற்காக அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்லவரவில்லை. வில்சன் சேர்ந்த காலத்துப் பல்கலைக்கழகம் இங்கிலிஷ் தெரிந்த வீட்டுப் பிள்ளைகளுடையது. 1960இல் கலைப்பீடத்தில் சிங்களமும் தமிழும் வந்திராவிட்டால் கலேவெல ஹார்ட்வெயார் கடைக்காரரின் மகள் உள்ளே வந்திருக்கவே மாட்டாள். எனக்குக் கதவைத் திறந்தது தாய்மொழிதான். திறந்த கதவுக்கு உள்ளே படிப்பிக்க ஆள் வேண்டும் என்பதுதான் எங்கட கடிதம்.

ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகம் தன்னிடமே வேலை செய்பவரைப் பேராசிரியராக உயர்த்துவதைப் பொதுவாகத் தவிர்க்கிறது. வெளியில் போய்த்தான் வர வேண்டும். அந்த விதியை இங்கே கொண்டுவந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். தமிழில் அரசியல் விஞ்ஞானம் சிறப்புப் பட்டம் கொடுக்கிற இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வெளியில் என்றால் எந்த வெளி? தமிழ்நாட்டைப் பார்த்தால் அங்கே அரசுக் கலைக் கல்லூரிகளில் 'கௌரவ விரிவுரையாளர்கள்' வருஷக்கணக்காகத் தொகுப்பூதியத்தில் நிற்கிறார்கள். பெயரில் கௌரவம் இருக்கிறது. எங்கட 'தற்காலிக' என்ற சொல் அந்த வகையில் கொஞ்சம் நேர்மையானது.

பெரிய சீர்திருத்தம் ஒன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது. சின்ன விஷயங்கள் தெரியும். நேர்முகப் பரீட்சையைத் தள்ளிப்போட்டால் ஏன் என்று அறிவித்தல் பலகையில் ஒரு வரி போடலாம். விண்ணப்பித்தவர்கள் மாணவர்களுக்கு முன்னால் ஒரு லெக்சர் செய்யட்டும், யாரும் வந்து கேட்கலாம் என்று வைக்கலாம். கல்வி விடுமுறையில் ஒருவர் மூன்று வருஷம் போகிறார் என்றால், அவருக்குப் பதிலாக வருகிறவருக்கும் மூன்று வருஷ ஒப்பந்தம் கொடுக்கலாம். குழுவில் வேறு பல்கலைக்கழகத்துத் தமிழ் மொழிமூல ஆசிரியர் ஒருவரைக் கட்டாயம் இருத்தலாம். அப்படி இருந்தால், 'அந்த ஏழெட்டுப் பேருக்கு நான் பிடித்தவளா' என்ற ஒரே கேள்வியோடு ஒரு பிள்ளை நாலு வருஷம் படிக்கத் தேவையிருக்காது.

போன பெருநாளுக்கு ஊருக்குப் போனபோது வாப்பாவிடம் கடிதக் கதையைச் சொன்னேன். கடையில் ஆணி நிறுத்துக்கொண்டே கேட்டார்.

"நீ எழுதின கடிதத்துல நீ ஏன் கையெழுத்து வெக்கல்ல?"

"பிறகு வேலைக்குப் பிரச்சினை வரும் வாப்பா."

"என்ன வேல?"

"லெக்சரர் வேல."

தராசில் இருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அந்த வேலதான் இல்லண்டு சொன்னாய் மகள். இல்லாத வேலைக்கா பயந்த?"

எனக்குப் பதில் வரவில்லை. கடைக்கு வந்திருந்த மனுஷன் சிங்களத்தில் என்ன விஷயம் என்று கேட்டார். "ஒன்றும் இல்லை, மகள் கெம்பஸில் அரசியல் படிக்கிறாள்" என்று வாப்பா சொன்னார்.

பதினேழு பேரின் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அந்தப் பதவிக்கு இரண்டாவது தடவை விளம்பரம் வரும் என்கிறார்கள். இந்த முறை எங்களுக்குக் கீழே இருக்கிற பெட்ச் புதிதாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறது. போன கிழமை அதைக் கொண்டுவந்தார்கள். கையெழுத்து வைத்தேன், வரிசையில் பதினோராவது பெயர். வைக்கும்போது கை கொஞ்சம் நடுங்கியது. கிளாஸ் இன்னும் வரவில்லை, இறுதி ரிசல்ட்ஸ் வர மாதங்கள் இருக்கின்றன. பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். உள்ளூராட்சி நிதி முகாமைத்துவம் ஏற்கெனவே பைண்ட் பண்ணிக் கொடுத்தாயிற்று, அதை இனி மாற்ற முடியாது. தம்புள்ளையைப் பற்றி எழுத வேண்டியவள் எழுதவில்லை என்பது அப்படியே இருக்கும்.

கடிதம் கொண்டுவந்த பிள்ளைகளில் ஒருத்தி, "அக்கா, உங்களுக்குக் கிளாஸ் வந்தா எங்களுக்குப் படிப்பிக்க வருவீங்களா?" என்று கேட்டாள். 'இருந்தா பார்ப்பம்' என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அறைக்குப் போய் அலுமாரியில் இருந்த ஷொப்பிங் பேக்கை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன்.

"போட்டோகொப்பி எடுத்துட்டுத் திருப்பித் தாங்க. அது வாறவங்களுக்கு."